மெயினை அணைச்ச பிறகு அடிச்ச பெல்லு

பேய், பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நானு. முப்பது வருசம் வயர்மேன் வேல பார்த்தவன், கரண்டு எங்க இருந்து வருது, எங்க நிக்குதுன்னு தெரிஞ்சவன், இன்னாத்துக்குப் பயப்படணும்? ஆனா ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல. நீங்க சிரிச்சாலும் பரவால்ல, சொல்லிடறேன்.

எழுபதுகள் ஆரம்பம். மீஞ்சூர்ல குடியிருந்தோம், எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில எனக்கு வேல. தெருவுலயே காலிங் பெல்லு வச்ச ஊடு எங்க ஊடுதான், நானே மாட்டினது. பேட்டரியில அடிக்கிறது இல்ல, ஊட்டுக் கரண்டுல அடிக்கிறது.

ஐப்பசியில புயல்னு ரேடியோவுல சொன்னாங்க. என் சம்சாரம் சரோஜாவுக்குப் பிரசவம் ஆயி பதினெட்டு நாள், பொட்டப்புள்ள. அவளுக்குத் தாய் ஊடுன்னு ஒண்ணு இல்ல, அதனால பத்தியம், வெந்நீர், சாம்பிராணி எல்லாம் என் கையாலதான். கரண்டு கண்டிப்பா போவும்னு தெரியும், விடுவனா? மண்ணெண்ணெய் வாங்கினேன், அரிக்கேன் வெளக்குக் கண்ணாடியத் தொடைச்சு வச்சேன், டார்ச்சுக்குப் புது செல்லு, கொடம் கொடமா தண்ணி. மத்தியானம் கரண்டு போனதுமே மெயின் சுவிட்சக் கீழ எறக்கிட்டேன், எங்கியாவது கம்பி அறுந்து வுழுந்து திடீர்னு கரண்டு வந்தா ஆபத்துன்னு. பக்கத்து ஊட்டு மேரியக்கா பார்த்துட்டு, "இன்னா நைனா, கப்பலா ஏறப் போற?"ன்னு கேலி பண்ணுச்சு.

காத்து ஏற ஏற சாரல் உள்ள அடிச்சுது. பச்ச ஒடம்புக்காரி குளிருல நடுங்கறா. ஜன்னல் சந்து, கதவு இடுக்கு எல்லாத்துலயும் கோணி, பழைய பொடவை வச்சு அடைச்சேன். கும்முட்டி அடுப்புல கரியப் போட்டு, நெருப்பு நல்லா கனிஞ்சதும் கட்டில்கிட்ட வச்சேன். பொகையே இல்ல, கதகதன்னு இருந்துது. எனக்கு என் மேலயே ஒரு பெருமை.

ஏழு மணி கூட ஆகியிருக்காது, மூணு பேரும் படுத்துட்டோம். தல கொஞ்சம் பாரமா இருந்துது, ஷிப்ட் அசதின்னு நெனச்சேன். அப்பிடியே கண்ணு சொக்கிக்கினு போவுது, சொகமாத்தான் இருந்துது, அதையும் சொல்லணும்.

அப்ப பெல்லு அடிச்சுது.

நம்பினா நம்புங்க. எவன்டா இந்தப் புயல்ல பேஜாரு பண்றான்னு கோவத்துலதான் எழுந்தேன், எழுந்தா காலு நிக்கல, சொவத்தப் புடிச்சிக்கினு போயி தாப்பாள்ல கைய வச்சப்பதான் ஒறைச்சுது, கரண்டே இல்லியேன்னு. ஆனா கை அதுபாட்டுக்குத் தொறந்துடுச்சு. வெளிய யாரும் இல்ல. மழ மூஞ்சில அறைஞ்சுது, முட்டி மடங்கி வாசப்படியிலயே வுழுந்தேன். அந்தக் காத்துல தல கொஞ்சம் தெளிஞ்சதும் "சரோஜா"ன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. கொழந்தையும் அசையல.

தவழ்ந்து போயி ரெண்டு பேரையும் வாசலுக்கு இழுத்துக்கினு வந்து கத்தினேன். மேரியக்கா ஓடியாந்து கொழந்தையக் கையில வாங்கி முதுகத் தேய்ச்சுது, ரொம்ப நேரம் தேய்ச்சுது. அப்புறம் கொழந்த அழுதுச்சு பாருங்க, அத மாதிரி நல்ல சத்தம் நான் கேட்டதே இல்ல. நானும் அழுதுட்டேன், வெக்கமே படல. கொஞ்ச நேரத்துல சரோஜாவும் கண்ணத் தொறந்தா.

மறுநாள் டாக்டர் புடிச்சுத் திட்டினாரு. மூடின ரூம்ல கரி நெருப்பு வச்சா மூச்சுக்காத்தே வெஷமாயிடுமாம், பொகையும் தெரியாதாம், வாசனையும் வராதாம். எல்லாத்துக்கும் ரெடியா இருந்தவன், காத்து வர ஒரு சந்து வுடல.

பெல்லு விஷயத்த மட்டும் யார்கிட்டயும் சொல்லல. மெயின் கீழதான் இருந்துது, ஊருக்கே நாலு நாள் கழிச்சுதான் கரண்டு வந்துச்சு. வெஷக்காத்துல மயங்கின மண்ட இல்லாத சத்தத்தக் கேட்டிருக்கும்னு விட்டுட்டேன். நீங்களும் அதான சொல்லப் போறீங்க?

அந்தப் பொண்ணு கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள், பேச்சுவாக்குல சரோஜாகிட்ட கேட்டேன், "அன்னிக்குப் புயல்ல உனக்கு பெல்லு சத்தம் கேட்டுதா?"

"கேக்காம இன்னா? நீங்கதான அடிச்சீங்க. ரெண்டு சின்னது, ஒண்ணு நீட்டு. ஷிப்ட் வுட்டு வரும்போது அப்பிடி அடிக்கிறது நீங்க ஒருத்தர்தான?"

"நான் உன் பக்கத்துலதான படுத்திருந்தேன்?"

அவ பொடவை மடிக்கிறத நிறுத்திட்டு என்னப் பார்த்தா.

"அதான் எனக்கும் புரியல. நீங்க வெளிய நிக்கறீங்களே, அப்ப பக்கத்துல படுத்திருக்கறது யாருன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கத்தான் முடியல."

அதுக்கப்புறம் வெளிய போயிட்டு வந்தா நான் பெல்லத் தொடறதில்ல. கையாலதான் தட்டறேன்.