இலவசமாக எடை பார்க்கலாம்

எங்கள் தெருவில் அவரைத் தராசு என்றுதான் சொல்வார்கள். நேருக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுதான் தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பார். கிடங்குகளில் மூட்டை நிறுக்கும் எடைமேடைகள் செய்கிறவர். தரையோடு கிடக்கும் ஓர் இரும்புப் பலகை, அதிலிருந்து எழும் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் சிவப்பு எண்கள். தகரக்கூரைப் பட்டறை, இரண்டு வெல்டர்கள், இருபத்திரண்டு வருஷம். ஒரு மேடை வெளியே போகுமுன் நான்கு மூலையிலும் நடுவிலும் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார். ஐந்து இடத்திலும் ஒரே எண் வந்தால்தான் பெயிண்ட்.

செய்யத் தெரிந்த அளவுக்கு விற்கத் தெரியாது.

"பூக்கடைக்கு எதுக்கு மாப்ள விளம்பரம்?" என்பார் மனைவியின் தம்பியிடம்.

"நீங்க வச்சிருக்கிறது பூக்கடையா மாமா? இரும்பு. மோந்து பாத்துட்டு எவனும் வரமாட்டான்."

மச்சினன் பழைய இரும்பு வியாபாரி. எட்டு மாதமாகப் பட்டறையில் ஒரு புது ஆர்டரும் இல்லாமல் போனபோது, தொழில் கண்காட்சியில் ஒரு ஸ்டாலைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். கூடவே ஒரு பேச்சும் பேசிக்கொண்டான்.

"மூணு நாள் மாமா. ஒரே ஒரு ஆர்டர் பிடிங்க, நான் வாயே தெறக்க மாட்டேன். இல்லேன்னா பட்டறையப் பூட்டிட்டு நம்ம கடைக்கு சூப்பர்வைசரா வந்துடுங்க. அக்கா மூஞ்சியப் பாக்கச் சகிக்கல எனக்கு."

அவர் தலையாட்டினார். காரணம் இருந்தது. ஒரு பெரிய கிடங்குக் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்: நாற்பது மேடை தேவை, இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு ஸ்டாலுக்கே வருகிறேன், ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முன்பின் பார்த்த மனிதர் இல்லை, குரல் மட்டும்தான். நாற்பது மேடை என்றால் ஒரு வருஷ வேலை.

முதல் நாளே வாசலில் தடங்கல். எடைபோட்டுக் காட்ட ஆறு மணல் மூட்டை கொண்டுபோயிருந்தார். காவலாளி விடவில்லை.

"மண்ணு, சிமெண்ட்டு எதுவும் உள்ள போகக்கூடாது சார். கார்ப்பெட் பாழாயிடும்."

"மூட்டை இல்லாம இதை எப்படிங்க காட்டறது?"

"அது உங்க பாடு."

ஆக, மேடை வெறுமனே கிடந்தது. சிவப்பு எண்களில் பூஜ்யம். புருஷனும் பெண்டாட்டியும் மேஜைக்குப் பின்னால், யாரோ விசாரிக்க வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எதிர் ஸ்டாலில் பெயிண்ட் கம்பெனிக்காரர் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள்.

"அண்ணே, இதுல ஏறிப் பாக்கலாமா?"

மூட்டைக்கு மூட்டையும் ஆச்சு என்று நினைத்து அவரும் சரி என்றார். அவள் ஏறினாள். குழந்தையை அவர் மனைவி வாங்கிக்கொண்டு இன்னொரு முறை ஏறச் சொன்னாள். குழந்தையின் எடை தனியாக வந்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரைப் பார்த்து எட்டுப் பேர்.

"என்னங்க இது, வீட்டு மெஷின்ல எழுபத்தொண்ணுதான் காட்டுது?"

"வீட்டு மெஷினுக்கு உங்க மேல பிரியம் அதிகம்மா. செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க, ஒரு அரைக்கிலோ தேறும்."

அவர் வாயிலிருந்து இப்படியெல்லாம் வரும் என்று அவர் மனைவிக்கே தெரியாது. ஏறினவருக்கெல்லாம் சின்னச் சீட்டில் எடையை எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வந்த மச்சினன் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டினான்.

"மாமா, கலக்கிட்டீங்க! கூட்டம் கூட்டத்தை இழுக்கும். நாளைக்கு ஒரு பேனர் அடிச்சிட்டு வரேன்."

மறுநாள் காலை பேனர் வந்தது: 'இலவசமாக எடை பார்க்கலாம்.' கொட்டை எழுத்து. பட்டறையின் பெயரும், மூட்டை நிறுக்கிறது என்பதும் கீழே பொடியாக இருந்தன. அதையும் மேஜை விளிம்பு மறைத்தது. அவர் அதைக் கவனித்தார். மேஜையை நகர்த்தலாம் என்றும் நினைத்தார். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த ஒரு பொருளுக்கு முன்னால் ஜனங்கள் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. ஒரு மனிதனுக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பத்தரைக்கு வரிசை பெயிண்ட் ஸ்டாலைத் தாண்டிவிட்டது.

"யோவ் தராசு, என் கடைய மறைக்கிறாங்கய்யா உன் ஆளுங்க!"

"ரெண்டே நிமிஷம் அண்ணே."

யாரும் முண்டியடிக்காமல் பார்த்துக்கொண்டார். ஒரு கிழவர் முந்தப் பார்த்தபோது கூடச் சிரித்தபடியே கடைசிக்கு அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே நியாயம். அப்போதுதான் தோல்பையோடு ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து, குனிந்து பலகையின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் போனார்.

"சார், வரிசையில வாங்க சார். எல்லாரும் நிக்கிறாங்க இல்ல?"

தோல்பைக்காரர் நிமிர்ந்தார். பேனரைப் படித்தார். வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

"நல்லாச் சொன்னீங்க," என்றது வரிசை.

பதினோரு மணி ஆனது. பதினொன்றரை. பன்னிரண்டுக்கு அவர் சீட்டு எழுதுவதை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தூண் மறைவில் நின்று போன் போட்டார்.

"வந்தேனே சார். நீங்கதான் வரிசையில நிக்கச் சொன்னீங்க."

"சார்... அது நீங்களா?"

"அட்ரஸ் தப்புன்னு நினைச்சேன். நீங்க ஆள் எடை பாக்குற மெஷின் பண்றவர் போலன்னு. எனக்கு வேண்டியது கோடவுனுக்கு."

"கோடவுனுக்குத்தான் சார். முந்நூறு கிலோ தாங்கும். ஒரு தடவை வந்து..."

"பக்கத்து ஹால்ல ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சாச்சு சார். தப்பா நினைக்காதீங்க."

திரும்பி வந்தபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, வர்றாராமா?"

"வந்துட்டுப் போயிட்டார்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த ஆளுக்குச் சீட்டு எழுதினாள். அறுபத்தெட்டு கிலோ முந்நூறு கிராம்.

மூன்றாம் நாள் அவர் பேனரைக் கழற்றி மேஜையையும் ஓரம் தள்ளினார். கேள்விப்பட்டு வந்தவர்கள் அப்போதும் வந்தார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. மூட்டை நிறுக்க என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. கார்ப்பெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்திலும் வெற்றி இல்லை.

"நான்தான் மாமா பேனர் அடிச்சது."

"நிக்கச் சொன்னது நான்தானே மாப்ள. ஒண்ணாந்தேதி உன் கடைக்கு வந்துடறேன்."

திங்கட்கிழமை பட்டறையில் வெல்டர்கள் இருவரும் காலையிலேயே காத்திருந்தார்கள்.

"கூட்டம் எப்படிண்ணே?"

"நல்ல கூட்டம்."

"டீக்கடையில சொன்னாங்க. அந்த ஹால்லயே நம்ம ஸ்டால்லதான் கூட்டமாம். அப்ப நாப்பதும் நமக்குத்தானே?" என்று பெரியவர் சின்னவரின் முதுகில் அடித்தார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையிருப்பில் கிடந்த தகட்டை இறக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, கட்டிங் மெஷினை ஓட்டத் தொடங்கினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு பொறி பறந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் எழுந்தார். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மெஷினை நிறுத்துவார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடி உட்கார்ந்தார்.