தோமஸ் தள்ளிய வேலி

கீழ்வீட்டில் இருப்பவர் மேல்வீட்டில் இருப்பவனுக்குப் பதிவுத் தபால் அனுப்புவாரா? எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பினார்.

போன டிசம்பரில் ஒரு காலை. தபால்காரர் உறைபனியில் வழுக்காமல் வெளிப்படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு கடிதத்தை நீட்டினார். அனுப்பியவர் மிஸ்டர் டொட்வெல். எனக்கு நேர் கீழே குடியிருப்பவர். என் பிள்ளைகள் குதித்தால் வீடு கூட்டும் தும்புத்தடியால் முகட்டில் இடித்துத் தகவல் சொல்பவர். இந்தத் தடவை மட்டும் ஏனோ தபாலை நம்பியிருந்தார்.

கடிதம் சுருக்கமானது. ஜூலை முதலாம் தேதியோடு உங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அதன்பிறகு அந்த வீடு என் குடும்பத்தாருக்குத் தேவை. சம்மதமா, மறுப்பா என்று ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

குடும்பத்தாரா? மனிதர் கல்யாணமே செய்யவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தெரு முழுக்கக் கிரேக்கர்களும் பஞ்சாபிகளும் தமிழர்களான நாங்களும்தான். நடுவே மிஞ்சிப்போன ஒரே ஆங்கிலேயர் அவர்.

கீழே இறங்கிப்போய்க் கேட்டேன். "யார் வருகிறார்கள்?"

"எல்லோரும்" என்றார். "நூற்றுப் பதினான்கு பேர்."

எனக்குத் தலை சுற்றியது. "எப்போது வருகிறார்கள்?"

"வந்துவிட்டார்கள்" என்று கதவை அகலத் திறந்தார்.

உள்ளே பெட்டிகள். தரையிலிருந்து முகடு வரை பெட்டிகள்! நடுவில் ஒரு ஆள் போக ஒற்றையடிப் பாதை. எல்லாம் நெதர் விக்கம் என்ற ஆங்கிலக் கிராமத்துக் காகிதங்கள். டொட்வெலின் மூதாதையர் அந்த ஊர்க்காரர்களாம். ரயில்வே டிக்கெட் கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மனிதருக்கு இதே வேலை. அந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவேடு, ஊர்ப் பிரபு நடத்திய நீதிமன்றத்தின் ஏடுகள், பழைய காணி வரைபடங்கள் என்று எல்லாவற்றுக்கும் நகல் எடுப்பித்துத் தபாலில் வரவழைத்திருக்கிறார். ஊருக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கலாமே என்றேன். விமானம் என்றால் பயமாம்.

குளியல் தொட்டிக்குள் திருமணங்கள் இருந்தன. சமையல் அடுப்புக்குள் வரைபடங்கள். அவர் குளிப்பது நகரசபை நீச்சல் குளத்தில், சாப்பிடுவது மூலைக் கிரேக்கர் கடையில். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டில் இடமில்லை.

"மேலே உங்கள் பெரிய அறை பிறப்புகளுக்கு" என்று ஆசையோடு விளக்கினார். "ஹால் திருமணங்களுக்கு. பிள்ளைகளின் அறை இறப்புகளுக்கு. அது வடக்குப் பக்கம், குளிர்ச்சியாக இருக்கும்."

மேலே வந்து மனைவி வசந்தியிடம் சொன்னேன். அவள் கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள்.

"செத்த ஆக்களுக்கு இடம் குடுக்க உயிரோட இருக்கிறவை வீட்டை விட்டு எழும்புறதோ? இஞ்சருங்கோ, நான் இனி ஒரு வீடும் மாறமாட்டன். சொல்லிப்போட்டன்."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊரில் மூன்று, கொழும்பில் இரண்டு, இங்கே இதற்கு முன் மூன்று என்று எட்டு வீட்டுச் சாமான்களைக் கட்டி அவிழ்த்தவள் அவள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மூன்று பிள்ளைகளோடு மொன்ட்ரியாலில் வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார்கள். மூன்று என்றால் கதவு சாத்தியாயிற்று.

மறுத்து எழுது என்றார்கள் நண்பர்கள். மறுத்தால் அவர்தான் வாடகை வாரியத்துக்குப் போய் வாதாட வேண்டும், போகாவிட்டால் கடிதம் செல்லாது, முந்நூறு வருடத்துக்கு முன் செத்தவர்களுக்காக எந்த வாரியம் வீடு வாங்கிக் கொடுக்கும் என்று கேட்டார்கள். சரிதான். ஆனால் அகதியாக வந்து ஒரு விசாரணையைக் கண்டவன் நான். இன்னொரு விசாரணை வேண்டாம் என்று மறுப்பு எழுதாமலே நாளைக் கடத்தினேன். இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் உறுமுகிற ஆள் வீட்டுச் சொந்தக்காரருக்கு மூன்று வரி எழுத நடுங்கினான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அதனால் சமாதானம் பேசப்போனேன். டொட்வெலும் கொஞ்சம் இணங்கி வந்தார். அவர் ஒரு புத்தகம் எழுதுகிறார். பெயர்கூட வைத்துவிட்டார், 'பன்னிரண்டு ஏக்கர்'. மூதாதையர் தோமஸ் டொட்வெலின் குடும்பம் நெதர் விக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் ஆண்ட கதை. ஆனால் காணி எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்லும் காகிதக் கட்டு ஒன்றை மட்டும் அவரால் வாசிக்க முடியவில்லை. எழுத்து அப்படி. "இதை வாசித்துவிட்டால் புத்தகம் முடியும். முடிந்தால் பெட்டிகளை எல்லாம் இங்கிலாந்துக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவிடுவேன். உங்கள் வீடு தேவைப்படாது" என்றார்.

எனக்கு உடனே மகேசு அண்ணை ஞாபகம் வந்தார்.

மகேசு அண்ணை யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் முப்பது வருடம் கிளார்க். வெள்ளைக்காரன் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களை, கறையான் தின்ற மிச்சத்தை வைத்தே வாசிக்கக்கூடியவர். இப்போது மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மகனோடு இருக்கிறார். கனடா வந்து ஒன்பது வருடமாக ஒரு எல்லைத் தகராறுகூடக் காணாமல் வாடிப்போயிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"காணி எவ்வளவு?"

"பன்னிரண்டு ஏக்கர் அண்ணை."

"எங்கடை ஊர்க் கணக்கிலை ஏக்கருக்குப் பதினாறு பரப்பு... நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பரப்பு! ஒரு சனத்திட்டை அவ்வளவு காணி சும்மா வருமோ? நான் நாளைக்கே வாறன்."

மறுநாள் இரண்டு பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார். டொட்வெலைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "சேர், நாலு எல்லையும் என்ன?" டொட்வெலை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் இருவரும் அந்த ஒற்றையடிப் பாதையில் முழங்கால் முட்ட உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு எங்கள் வீட்டுப் போன் ஓயவில்லை. அண்ணை வீடு திரும்பியதும் அன்றைய நிலவரம் சொல்ல எடுப்பார்.

"தம்பி, உந்த வில்லியம் பொல்லாத ஆள் கண்டீரோ. தமையன் செத்து மூண்டு மாதமில்லை, விதவைப் பெட்டையின்ரை தோட்டத்துக்குள்ளை மாட்டை விட்டிட்டான்."

வசந்தி இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆர் அண்ணை வில்லியம்? மன்னார் வேதக்கார ஆளோ?"

"இல்லைப் பிள்ளை, நெதர் விக்கம். செத்து இருநூற்றைம்பது வருசம்."

"அந்தப் பெட்டை பேந்து என்ன செய்தவ?"

"வழக்குப் போட்டவ!"

"அப்பிடித்தான் செய்யவேணும்" என்றாள் வசந்தி. அடுத்த வாரம் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மற்றத் தமிழ்ப் பெண்களும் வில்லியத்தைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். விதவையின் மகளுக்கு என்ன சீதனம் கொடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி எனக்கே ஒருத்தி சொல்லி அனுப்பினாள். என் வீடு போகப்போகிறது, இவர்களுக்கு நெதர் விக்கத்துக் கல்யாணம்!

பதில் எழுதவேண்டிய மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அண்ணை மேலே வந்தார். முகத்தில் வெற்றி. சாப்பாட்டு மேசையில் இரண்டு வரைபடங்களை விரித்தார். ஒன்று தோமஸ் காலத்தது, மற்றது அவருடைய பேரன் காலத்தது.

"கிழக்கு எல்லை ஒழுங்கை. வடக்கை ஊர்ப் பொதுத் தரை. மேற்கை பாதிரியாற்றை காணி. இப்ப ஒழுங்கையைப் பாரும். முந்தி வண்டில் போன ஒழுங்கை, பேரன்ரை காலத்திலை ஆள் ஒருக்களிச்சுப் போற ஒழுங்கை!"

"அதுக்கு?"

"என்ன தம்பி, நீரும் யாழ்ப்பாணத்தவன்தானே?" அண்ணை குரலைத் தாழ்த்தினார். "வேலி தள்ளியிருக்கிறாங்கள். வருசா வருசம் வேலி அடைக்கேக்கை ஒரு சாண். மூண்டு பக்கமும். மூண்டு தலைமுறை. பாதிரியாற்றை காணியைக்கூட விடேல்லை. கட்டு முழுக்க அதுதான் கிடக்கு. தோமஸுக்கு வேலி தள்ளினதுக்கு அபராதம், அடுத்த வருசமும் அபராதம், அதுக்கடுத்த வருசமும். ஆள் கட்டிப்போட்டு வந்து திரும்பவும் தள்ளியிருக்கிறான். தொடங்கேக்கை இருந்தது அஞ்சு ஏக்கர்தான்."

வேலிக் கதியால் மாற்றும் சாக்கில் பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் நகரும் கலை எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! ஆங்கில அறிஞர்கள் எத்தனை பேர் அந்த வரைபடங்களைப் பார்த்திருப்பார்கள்? கண்டுபிடிக்க ஒரு யாழ்ப்பாணத்துக் கண் வேண்டியிருந்தது.

ஆனால் சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. புத்தகத்தின் பெயரே 'பன்னிரண்டு ஏக்கர்'. அதில் ஏழு ஏக்கர் களவு என்று சொன்னால் புத்தகம் ஏது? பெட்டிகள் எங்கே போகும்? மேலேதான் வரும்.

"அண்ணை" என்றேன் மெதுவாக, "பன்னிரண்டு ஏக்கரும் முறைப்படி வாங்கினது எண்டு எழுதிக் குடுங்கோவன். ஆருக்கு நட்டம்? எல்லாரும் செத்துப்போச்சினம்."

அண்ணை வரைபடத்தைச் சுருட்டினார்.

"முப்பது வருசம் கந்தோரிலை இருந்தனான். ஒரு பொய் எல்லை எழுதினதில்லை. வேலியைத் தள்ளலாம் தம்பி. எழுத்தைத் தள்ளக் கூடாது. எனக்கெண்டு மிஞ்சினது எழுத்து மட்டுந்தான்."

அண்ணையின் சொந்தக் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. சமாதானம் என்று சொன்ன காலத்தில் ஊருக்குப் போனார். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். உறுதி கைப்பையில் இருந்தது, காணியைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்க முடியவில்லை. அவரிடம் போய்ப் பொய் எல்லை கேட்டேனே என்று வெட்கப்பட்டேன்.

அடுத்த நாள் கீழே போனோம். அண்ணை எழுந்து நின்று, தீர்ப்பு வாசிப்பதுபோல, கந்தோர் ஆங்கிலத்தில் முழுவதையும் வாசித்தார். நான் டொட்வெலின் முகத்தைப் பார்க்கவில்லை. குளியலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டொட்வெல் கேட்டார், "யாராவது தோமஸை வேலியைப் பின்னால் எடுக்க வைத்தார்களா?"

"ஒருத்தராலும் முடியவில்லை, சேர்."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

டொட்வெலின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. எழுந்து அந்தப் பாதையில் முன்னும் பின்னும் நடந்தார். நெதர் விக்கத்தில் ஒழுங்காக நடந்த குடும்பங்கள் எத்தனையோ இருந்தனவாம். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் மூன்றே வரி. பிறந்தார், மணந்தார், இறந்தார். தோமஸுக்கு மட்டும் ஒரு கட்டு! "நாற்பது வருடம் டிக்கெட் கிழித்தேன். ஒரு புகார் இல்லை. என்னைப் பற்றி எங்கேயாவது ஒரு வரி இருக்குமா?" என்று எங்களைக் கேட்டார். பாவமாக இருந்தது.

"இனிப் புத்தகம் இரண்டு பாகம்" என்றார் அடுத்த மூச்சில். "பெட்டிகள் எங்கும் போகாது. இன்னும் வரும்."

போயிற்று! "அப்படியென்றால் எங்கள் வீடு உங்களுக்கு வேண்டுமா?" என்றேன்.

"கட்டாயம் வேண்டும். வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது. என் கடிதத்துக்கு ஏன் இன்னும் நீங்கள் பதில் தரவில்லை?"

"அது... நீங்கள் மனம் மாறுவீர்கள் என்று..."

"கொடுக்க விருப்பமா?"

"இல்லை."

"பிறகேன் பேசாமல் இருக்கிறீர்கள்? தோமஸ் பேசாமல் இருந்திருப்பாரா?" மனிதருக்கு உண்மையிலேயே கோபம். ஒரு தாளை என் முன் தட்டி வைத்தார். "எழுதுங்கள். மறுக்கிறேன் என்று எழுதுங்கள்."

வெளியேற்றுகிறவரே, வெளியேறமாட்டேன் என்று எழுதச் சொல்லிக் குடிவாசியை அதட்டுவதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? 'மிகுந்த பணிவுடன்' என்று தொடங்கினேன். அவர் பேனாவைப் பிடுங்கி அதை வெட்டினார். வேறு தாள் தந்தார். அண்ணை பக்கத்தில் நின்று, "தேதியைப் போடும், வீட்டு இலக்கத்தைப் போடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நேரமாக ஆளைக் காணவில்லையே என்று வசந்தி இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். நான் எழுதியதை வாசித்தாள்.

"ஏன் உங்கடை பேர் மட்டும்? எல்லாற்றை பேரையும் எழுதுங்கோ" என்றாள்.

எழுதினேன். என் பெயர், அவள் பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர். கீழே அவளும் கையெழுத்து வைத்தாள். எட்டு வீட்டிலிருந்தும் தன் கையெழுத்தை யாரும் கேட்காமல் கிளம்பியவள், அழுத்தி வைத்தாள்.

டொட்வெல் அதைப் பயபக்தியோடு வாங்கினார். வாடகை வாரியத்துக்கு அவர் போகவில்லை. போவதாக எண்ணமும் இல்லை; அசைய மறுத்த இன்னொரு குடும்பம் எழுத்தில் கிடைத்ததே அவருக்குப் போதும். கடிதம் காலாவதியாகிவிட்டது, நாங்கள் மேலேதான் இருக்கிறோம், அவர் இன்னும் நீச்சல் குளத்தில்தான் குளிக்கிறார். எங்கள் தாளுக்கு மட்டும் புதிதாக ஒரு பெட்டி வாங்கினார்.

முந்நூறு வருடம் கழித்து யாராவது எங்களைத் தேடி வந்தால், ஊர் எது, காணி எது என்று ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஐந்து பேர் எழும்ப மறுத்தார்கள் என்பது மட்டும் எழுத்தில் இருக்கும்.