தொடாதீங்க, நான் தூக்குறன்

என் கணவர் இத்தாலியில் வேலை செய்கிறார். ஒருமுறை லீவில் வந்தபோது ஆசைப்பட்டு ஒரு பெரிய பைக் வாங்கினார். மணலிலும் சேற்றிலும் கல்லிலும் ஓடவென்று செய்த சாதி. உயரமான உடம்பு, பெரிய முன்சில்லு, டயரில் கட்டை கட்டையாகப் பல். "இதில ஏறினா றோட்டே தேவையில்ல" என்றார். றோட்டே தேவையில்லாத அந்தச் சாமானில் தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நல்ல தார் றோட்டில் நாலைந்து தடவை போய்வந்தார். லீவு முடிந்தது. தார்ப்பாயால் மூடிவிட்டு, "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடு, பற்றறி இறங்கிப்போகும்" என்று சொல்லி விமானம் ஏறினார்.

நான் ஸ்டார்ட் பண்ணினேன். பிறகு முதல் கியரைப் போட்டேன். பிறகு படலையைத் திறந்தேன். இதில் என் பிழை என்ன?

நான் கணக்கு ரீச்சர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ரீச்சர்தான், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பள்ளிக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறவள் என்பதால் இரண்டு சில்லு எனக்குப் புதிதல்ல. உயரம்தான் பிரச்சினை. அந்தப் பைக்கில் ஏறி இருந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். புத்தளத்தில் சீற் தைக்கிற முஸ்லிம் நானா ஒருவரிடம் கொண்டுபோய்ப் பஞ்சை வெட்டச் சொன்னேன். வெட்டினார். இன்னும் வெட்டுங்கள் என்றேன். "தங்கச்சி, இதுக்கு மேல வெட்டினா நீங்க தகரத்துலதான் குந்தணும்" என்றார். அப்படியும் ஒரு காலின் பெருவிரல்தான் நிலத்தில் பட்டது. போதும் என்று திரும்பிவந்தேன். நிற்கிறபோதுதானே கால் வேண்டும், நான் எடுத்தது ஓட.

சனிக்கிழமைகள் என்னுடையவை ஆயின. டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கிவிட்டு, தென்னந்தோட்ட வேலிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணலில் இறங்குவேன். மணலில் சீற்றில் இருந்து ஓடினால் பைக் நம்மை ஓட்டும். மிதிகட்டையில் எழுந்து நின்று, முழங்காலால் டாங்கியை இறுக்கிப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, கை தளர்ந்து ஓட வேண்டும். முன்சில்லு இடமும் வலமும் ஆடும். ஆடட்டும் என்று விட்டால் தானாக நேராகும். பயந்து வேகத்தைக் குறைத்தால் புதைந்துவிடும். இதைப் படிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கச் சென்றது. படித்த அன்றைக்கு, சோழகக் காற்றுக்கு எதிரே, காற்றாடிக் கம்பங்களைத் தாண்டி, பட்டத்தில் தொங்கித் தண்ணீரில் வழுக்குகிற வெள்ளைக்காரர்களுக்குக் கை காட்டிக்கொண்டு போனேன். அப்படிச் சந்தோசமாக நான் என் கலியாணத்திலும் இருந்ததில்லை. இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

விழுந்தது ஊர் மீன்வாடியடியில்தான். படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்குக் கிட்ட, ஒரு நாய் குறுக்கே வர, முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். மணலில் செய்யக்கூடாத முதல் வேலை அது. பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடி ஒன்றும் இல்லை. நான் எழும்பி மணலைத் தட்டுவதற்குள் கடற்கரையே ஓடிவந்துவிட்டது. முன்னுக்கு என் கணவரின் அண்ணன். நான் அவரை அத்தான் என்பேன். இரண்டு படகும் வலையும் உள்ள சம்மாட்டி. பின்னுக்கு அவருடைய தொழிலாளிகள், பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். "ரீச்சர் விடுங்க, ரீச்சர் தள்ளுங்க!" என்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு மூச்சில் பைக்கை நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஒருவன் சிரித்தான்: "குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டல்லயாம். ரீச்சருக்கு மீசையும் இல்ல, தப்பிட்டா!"

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படம் இத்தாலிக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இப்போது ஊருக்கு வாயோடு வட்ஸ்அப்பும் இருக்கிறது. பின்னேரம் என் கணவர் கோல் எடுத்தார்.

"விழுந்தா தூக்க ஏலாத சாமானை வச்சு என்ன செய்யப்போறாய்? மதுரங்குளியில ஒரு முதலாளி கேட்டுக்கொண்டு இருக்கிறார். குடுத்துவிடுவம்."

"குடுக்க ஏலாது."

"ஆளில்லாத இடத்தில விழுந்து, கால் அடியில மாட்டினா? நான் இங்க இருந்து என்ன செய்ய?"

அவர் குரல் உடைந்தது. கோபத்தில் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது லேசு. பயத்தில் கதைக்கிறவரிடம் என்ன சொல்வது? "சரி, தனியத் தூக்கிக் காட்டினா?" என்று கேட்டேன். "தனியத் தூக்கினா விக்கிற கதையை விடுறன். லீவில வரும்வரைக்கும் பாப்பம்" என்றார். ஏலாது என்ற நம்பிக்கையில் சொன்ன சொல் அது. எனக்கு ரோசம் உச்சந்தலையில் ஏறியது.

முறை இருக்கிறது. விழுந்த பைக்குக்கு முகத்தைக் காட்டக் கூடாது, முதுகைக் காட்ட வேண்டும். சில்லு உருளாமல் கியரில் போட்டு, ஹாண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, இடுப்பைச் சீற்றில் பதித்துக் குந்தி, ஒரு கை ஹாண்டிலில், மறு கை பின்கம்பியில். முதுகால் அல்ல, தொடையால் எழும்ப வேண்டும். பிறகு சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடக்க வேண்டும். வீடியோவில் என்னைவிட மெலிந்த பிள்ளைகள் தூக்குகிறார்கள். அவர்களுக்கு ஏலுமென்றால் எனக்கு ஏன் ஏலாது?

ஏலாததன் காரணம் பாரமில்லை. எங்கள் ஊர்.

எங்கள் கரையில் படகு ஒன்று வந்து அணைந்தால், கரையில் நிற்கிற எவரும் தோள் கொடுக்க வேண்டும். சொந்தக்காரன், பகைக்காரன், வழிப்போக்கன், பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, எல்லாரும். யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. "படகு ஏற நேரம் கை கட்டி நிண்டவன்" என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், அது அவன் பிள்ளைக்குப் பெண் கேட்கிற நாள்வரைக்கும் கூட வரும். இந்தக் கைகளுக்கு முன்னால் கனமான ஒரு சாமான் மணலில் சரிந்து கிடக்கிறது. சும்மா இருக்குமா?

தூக்கிப் பழகவென்று கரையில் சரித்தேன், ஓடிவந்தார்கள். சாப்பிட்டுக் கண்ணயர்கிற மதிய வெயிலில் சரித்தேன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டு வளவில் சரித்தேன், பக்கத்து வீட்டு அக்கா அகப்பையோடு வேலி தாண்டி வந்தா. தில்லையடிக்கு அங்கால் வெளியொன்றில் சரித்தேன், முன்பின் தெரியாத ஒரு ஹாஜியார் ஓடிக்கொண்டிருந்த ஓட்டோவை நிற்பாட்டி இறங்கி, "கொஞ்சம் தள்ளுங்க மகள்" என்றார். அவருக்கு நான் என்ன சொல்ல? தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் அத்தானிடம் வெடித்தேன். "தொடாதீங்க! நான் தூக்குறன் எண்டு எத்தனை தரம் சொல்ற? உங்கட கையள வீட்டில வச்சிட்டு வாங்க!" அவர் முகம் செத்துப்போனது. "பிள்ள, நீ மண்ணில கிடந்து மல்லுக்கட்ட, நான் பாத்துக்கொண்டு நிண்டன் எண்டு ஊர் சொல்லும். எனக்கு அது ஏலாது" என்றார். சொல்லிவிட்டு வலையைத் தைக்கப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. இந்தக் கைகள் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒரு படகும் கரை ஏறாது, எனக்கு அது தெரியும். ஆனால் அவை வந்துகொண்டே இருந்தால் என் பெலம் எனக்கு எப்போது தெரியும்?

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். உப்புக் களப்பில் தண்ணீர் வற்றிய காலத்தில், உமிரிச் செடி தவிர உயிரில்லாத ஒரு வெளியைத் தேடிப் போனேன். அங்கே நான் சரிக்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளையாகக் காய்ந்து கிடந்த உப்புப் பொருக்கை நம்பி ஏறினேன், அடியில் கறுத்தச் சேறு, பைக் தானாகச் சரிந்தது. முதல் தரம் முழங்கால் உயரம் வந்து வழுக்கிப் போனது. பிறகும் அப்படியே. சப்பாத்தால் சேற்றைத் தோண்டிக் குதிக்கு ஒரு பிடிமானம் செய்து, அன்னம்மாளே, உம்மை நம்பித்தான் என்று எழும்பினேன். பைக்கும் எழும்பியது! வெறும் வெளியில் நான் போட்ட சத்தத்துக்குக் கொக்குகள் பறந்தன.

வீடியோ எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். செடியில் சாத்தி வைத்த போனைக் காற்று விழுத்திவிட்டது. அதில் பதிவாகியிருந்தது நீல வானமும், என் முனகலும், ஒரு ரீச்சர் வாயில் வரக்கூடாத இரண்டு சொல்லும்தான். என் கணவர் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆரோ தூக்கிவிட்டிருக்கிறாங்க. எங்கட ஊரில ஆர் தனியத் தூக்கினது?" என்றார்.

ஆடி கடந்து, தலவிலத் திருவிழாவுக்கு லீவில் வந்தார். திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மதுரங்குளி முதலாளி அன்று பின்னேரம் கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். நான் அவரையும் வரச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வாடியடிக்குப் போனேன். ஒளிந்து செய்கிற வேலை போதும். எல்லாரும் இருந்தார்கள். நேரே அத்தானிடம் போனேன்.

"அத்தான், அண்டைக்கு நான் கதைச்சது கூடிப்போச்சு. ஆனா இண்டைக்கு ஆரும் தொடக் கூடாது. தொட்டா பைக் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு திரும்பி, "எல்லாரும் குந்துங்கடா. கையளக் குண்டிக்குக் கீழ வையுங்க" என்றார். தானும் இருந்தார். கடலோடு மல்லுக்கட்டுகிற அத்தனை ஆம்பிளைகளும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரித் தங்கள் கைகளின் மேல் குந்தினார்கள். நான் சைட் ஸ்டாண்டை விரித்து, அது புதையாமல் ஏறி நிற்க ஒரு பலகைத் துண்டை மணலில் வைத்து, பைக்கை மற்றப் பக்கம் சரித்தேன்.

முதல் தரம் கால் புதைந்தது. கூட்டத்தில் ஒருவன் அரைவாசி எழும்ப, அத்தான் அதட்டினார்: "இருடா!" எனக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. குதியை மணலில் இறுக்கி, மூச்சைப் பிடித்து மறுபடி எழும்பினேன். தொடை நடுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. பாரம் இடுப்பை விட்டு மெல்ல விலகுவது தெரிந்தது. வந்துவிட்டது, நிமிர்ந்துவிட்டது, ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். "மாதாவே!" என்று ஒருவர் கத்தினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்கம்பியில் என் கணவரின் கை இருந்தது.

அவருக்கே தெரியவில்லை. இந்தக் கரையில் பிறந்த கை, தானாக வந்திருக்கிறது. "சரி, தூக்கிட்டாய். நான் ஒத்துக்கொள்றன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. ஊரும் ஒத்துக்கொண்டது. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"கையை எடுங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார். "ஐயோ, நான் சும்மா தொட்டனான். நீதான் தூக்கினது."

"எனக்குத் தெரியாதே. உங்களுக்கும் தெரியாது."

பைக்கை நானே திரும்பவும் மணலில் சரித்தேன். "உனக்கென்ன விசரா?" என்று அவர் கத்தினார். அத்தான் எழுந்து வந்தார். பைக்கிடம் வரவில்லை. தம்பியின் பின்னால் போய் நின்று, அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இனித் தூக்கு, பிள்ள" என்றார்.

என்னிடம் பெலம் மிச்சமில்லை, பிடிவாதம்தான் இருந்தது. குந்தினேன். எழும்பினேன். பாதியில் நின்றுபோனேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கைகள் கழன்று போய்விடும் போல இருந்தது. விட்டுவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் அசையவுமில்லை. கடலும் காற்றும் என் மூச்சும்தான் கேட்டன. இடக்காலைப் பின்னுக்கு எடுத்து வைத்தேன். வலக்காலை வைத்தேன். பைக் எழும்பி நின்றது. நான் மணலில் இருந்துவிட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. அத்தான் பிடியை விட்டார். என் கணவரின் போன் அடித்தது அந்த நேரம்தான். எடுத்து, "ஓம் முதலாளி, சொல்லுங்க" என்றார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவினார்.

"அது என்ர பைக் இல்ல முதலாளி. சொந்தக்காரி இஞ்சதான் இருக்கிறா. பொறுங்க, குடுக்கிறன்."

குனிந்து போனை என் காதில் வைத்தார். "ஹலோ? ஹலோ?" என்றது அந்தப் பக்கம். எனக்குப் பேச மூச்சு வர நேரம் எடுத்தது. அவர் போனைப் பிடித்தபடியே, குனிந்தபடியே காத்திருந்தார்.

"விக்கிறதில்ல" என்றேன்.