டிவைடரில் தட்டிய பரிசல்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குப் பயணம் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் குஷி. வேளாங்கண்ணி எழுதியாயிற்று, கோவா எழுதியாயிற்று, ஊட்டியில் பஸ் பழுதாகி நின்றதைக்கூட விடவில்லை. இந்தத் தடவை நான் போன தூரம் பதினெட்டு கிலோமீட்டர்தான். அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு. மெட்ரோவில் போனால் அறுபது ரூபாய். இதைப் போய் யாராவது எழுதுவார்களா என்று சிரிக்காதீர்கள். கடைசி முக்கால் கிலோமீட்டரைப் பரிசலில் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது.

காலை ஏழு மணி இருக்கும். தையல் கடையின் ஷட்டரைத் தூக்கி, முதல் பிளவுஸை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது போன் வந்தது. ஜெயா அக்கா. ராத்திரி மழையில் வைட்ஃபீல்டில் அவர்கள் லேஅவுட்டுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் அவளையும் மாமாவையும் மேலே ஏற்றிக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அதைக் கொடுக்கிற மெஷின் கரண்டில் ஓடுவது. லேஅவுட் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

“ஸ்பேர் சிலிண்டர்ல ஓட்டிட்டு இருக்கேன்டி. முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சி. மத்தியானம் தாங்காது” என்றாள்.

“ரெஸ்க்யூ போட்டுக்காரங்களுக்குச் சொன்னியா?”

“சொல்லாம இருப்பனா? எல்லா போட்டும் வேற லேஅவுட்டுல இருக்காம். சாயங்காலத்துக்குள்ள வரோம்னாங்க. நீ ஏதாவது பண்ணுடி ரெஜினா.”

அக்கா அழவில்லை. ஒன்றுமில்லாததுக்கெல்லாம் மூக்கைச் சிந்துகிறவள் அவள். அழாமல் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு சின்ன சிலிண்டரை வாடகைக்கு எடுத்தேன். சின்னது என்று பேர்தான், அரை மூட்டை அரிசி கனம் இருந்தது. மெட்ரோ வாசலில் செக்யூரிட்டி அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, “மேடம், ஆக்சிஜன் ஒளகே பிடல்ல” என்றாள். உள்ளே விடக் கூடாது என்பது ரூல், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது. திட்டினேன்தான், ஆனால் தமிழில். வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் வைட்ஃபீல்ட் என்றதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் எங்கள் தெருமுனை சலீம் பாய் கிடைத்தார்.

“அங்க ஃபுல் பானி, அக்கா. வண்டி நின்னுடும்.”

“பாய், என் மாமாவுக்கு மூச்சு நின்னுடும்.”

அவர் மீட்டரைப் போட்டார். “குந்துங்க. தண்ணி எங்க ஸ்டார்ட் ஆவுதோ, அதுவரைக்கும் வுடறேன்.”

ஓல்டு மெட்ராஸ் ரோடு, டின் ஃபேக்டரி, கே.ஆர். புரம் பாலம், ஹூடி. சிலிண்டரைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஹம்ப்பிலும் அது என் தொடையை இடித்தது. மீட்டர் முந்நூற்றுச் சொச்சம் காட்டியபோது சலீம் பாய் பிரேக் போட்டார். எதிரே ரோடு இல்லை. டீக்கடை போர்டு, பேங்க் போர்டு, மொபைல் கடை போர்டு எல்லாம் அதது இடத்தில் இருந்தன. கீழே மட்டும் காப்பி நிறத்தில் தண்ணீர்.

“எவ்ளோ நேரம் ஆனாலும் நான் இங்கதான் இருப்பேன், போங்க” என்றார் பாய்.

அங்கே ஒரு ஃபைபர் பரிசல் காலையிலிருந்து ஆட்களையும் பால் பாக்கெட்டையும் கடத்திக்கொண்டிருந்தது. தள்ளுகிறவன் முருகேசன், என் வயதுதான் இருக்கும். பென்னாகரத்துக்காரன். பக்கத்து ஏரியில் மீன் குத்தகைக்காரரிடம் வேலை. சிலிண்டரைப் பார்த்ததும் வாங்கி நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டினான். நான் உட்கார்ந்ததும் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

லேஅவுட் மெயின் ரோட்டில் இடது பக்கமாகவே போனோம். தண்ணீர் மார்பளவு இருந்தது. வலது பக்கம், ரோட்டை ஒட்டி ராஜகாலுவே, அதாவது ஏரிகளை இணைக்கிற பெரிய மழைநீர்க் கால்வாய். அதன் சுவர் ஓரிடத்தில் இடிந்து, தண்ணீர் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து வந்தது, அந்த இடத்தில் இரண்டு தரம் சுற்றியது, பிறகு காணவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அக்கா வீட்டுத் தெருவும் வலது பக்கம்தான், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி. இடது ஓரத்தில் முழுகிய கார்கள் அடைத்துக்கொண்டு நின்றதால், முருகேசன் குறுக்கே வெட்டினான். வாரம் தவறாமல் நான் பஸ்ஸில் போகிற ரோடு அது. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நடுவில் டிவைடர் இருக்கிறது, அதன் மேல் ஈட்டி முனை வைத்த இரும்புக் கம்பி வேலி இருக்கிறது என்பது மட்டும் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பஸ்ஸில் போகிறவள் டிவைடரை எங்கே பார்க்கிறாள்?

கர்ரென்று ஒரு சத்தம். பரிசல் நின்றது. என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, அடியைப் பொத்துக்கொண்டு கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்பு முனை மேலே வந்திருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் கொப்பளித்தது.

முருகேசன் துடுப்பை ஊன்றித் தள்ளப் போனான். நான் கத்தினேன்.

“இழுக்காதே! இழுத்தா கிழியும்!”

“தண்ணி வருதுக்கா!”

“அது அங்கேயே இருந்தா கொஞ்சமாத்தான் வரும். எடுத்தா அவ்வளவுதான்!”

எனக்குப் பரிசலைப் பற்றி என்ன தெரியும்? துணியில் ஊசி உடைந்து மாட்டினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று தெரியும், அவ்வளவுதான். அவன் துடுப்பை எடுத்துவிட்டு, இடிந்த சுவர்ப் பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். கம்பி எங்களைக் குத்திப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறோம். அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

“அக்கா, ஏரின்னா எனக்குப் பயமில்ல. கல்லு எங்க, முள்ளு எங்கன்னு தெரியும். ரோட்டுத் தண்ணிக்கு அடியில என்னா இருக்குன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றான். துடுப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். அதுவரை அவன் பயப்படவில்லை என்ற தைரியத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அதுவும் போச்சு.

அந்த நேரம் பார்த்து அக்கா போன். “எங்கடி இருக்க? முள்ளு இப்ப சிவப்புக்கும் கீழ போகுது.”

“வந்துட்டேன்க்கா. தெருமுனையிலதான் இருக்கேன்” என்றேன்.

தூரத்தில் தூண்களின் மேல் மெட்ரோ ஒன்று போனது. கண்ணாடி ஓரமாக வரிசையாகச் செல்போன்கள், எல்லாம் எங்கள் பக்கம். “படம் பாக்குறீங்களாடா, படம்!” என்று கத்தினேன். கேட்டிருக்காது.

“ஏரியில ஓட்டை வுழுந்தா தார் காய்ச்சி ஊத்துவோம். இங்க தாருக்கு எங்க போறது?” என்று முருகேசன் புலம்பினான். தார் ரோட்டின் மேல்தான் மிதந்துகொண்டிருந்தோம். சிரிக்கிற நிலைமையில் இல்லை.

டிவைடரில் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே ஒரு பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. உள்ளூர்த் தலைவர் ஒருவர் ஆள் உயரத்துக்குக் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். முரட்டு ஷீட், நல்ல அகலம். என் கைப்பையில் கத்தரிக்கோல் இல்லாத நாளே கிடையாது.

“அக்கா, வேணாம்! அவங்க ஆளுங்க பாத்தா பேஜாராயிடும்!”

“பாக்கட்டும். வந்து சண்டை போடட்டும். யாராவது வந்தா போதும் இப்ப!”

இறங்கித்தான் ஆகவேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவைடர் கட்டையில் காலை வைத்தேன். தொடையளவு தண்ணீர் என் புடவையைக் கால்வாய்ப் பக்கமாக இழுத்தது, யாரோ கீழே நின்று பிடித்து இழுக்கிற மாதிரி. அவனும் இறங்கி ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கொடுக்க, நான் ஃப்ளெக்ஸை வெட்டி நாலாக மடித்தேன். இரண்டு பேரும் பரிசலின் விளிம்பைப் பிடித்து, பக்கவாட்டில் அசைக்காமல் நேராக மேலே தூக்கினோம். முனை கழன்றதும் அப்படியே வேலியைத் தாண்டி இறக்கினோம். ஃப்ளெக்ஸை அடியில் செலுத்தி, நாலு மூலையையும் விளிம்போடு கட்டினான். வெளித் தண்ணீரே அதை ஓட்டையோடு அழுத்தும் என்றான். உள்பக்கம் என் ரப்பர் செருப்பைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் என் வலது குதிகாலை வைத்தேன். ஊறியது. ஆனால் கொப்பளிக்கவில்லை. பரிசலில் கிடந்த பால் டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

அக்கா படியிலேயே நின்றிருந்தாள். சிலிண்டரை மாற்றிக் குழாயைப் பொருத்தியதும், மாமாவின் உதட்டில் இருந்த நீலம் மெல்லக் குறைந்தது. ஆனால் இந்தச் சிலிண்டரும் சாயங்காலம் வரைதான். ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும். பரிசலில் முருகேசன், மாமா, சிலிண்டர், செருப்பை மிதிக்க ஓர் ஆள். அதற்கு மேல் தாங்காது.

“நான் மிதிச்சிக்கிட்டுப் போறேன், நீ இங்க இரு” என்றாள் அக்கா. சரி என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! அந்த மாடி, காய்ந்த தரை, ஒரு கப் டீ. திரும்ப அந்தத் தண்ணீரில் இறங்க என் உடம்பில் ஒரு அணுவுக்கும் இஷ்டமில்லை. முருகேசன் அக்காவைப் பார்த்தான், பரிசலைப் பார்த்தான், மெதுவாகத் தலையை ஆட்டினான். அக்கா என்னைவிடப் பதினைந்து கிலோ கூட.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள். “கரை சேத்துடுடி” என்றாள்.

திரும்பும்போது குறுக்கு வழியே வேண்டாம் என்றேன். டிவைடர் முடிகிற யூ-டர்ன் வரைக்கும் போய்த் திரும்பினோம். “ரூல்ஸ்படி போவோம்க்கா” என்றான் முருகேசன், வியர்த்துக்கொண்டே. திரும்பியதும் இழுப்பு கூடியது. அப்போது என் குதிகாலுக்குக் கீழே ஏதோ நழுவியது. ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து, பரிசலுக்குப் பின்னால் தலைவரின் கூப்பிய கை மட்டும் தண்ணீரில் நீளமாக மிதந்து வந்தது. செருப்பைத் தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளியது. நான் உடம்பு பூராவையும் அந்த ஒரு குதிகாலில் இறக்கினேன். முருகேசனிடம் சொன்னால் அவன் கை தடுமாறும். மாமாவிடம் சொன்னால் மூச்சு ஏறும். யாரிடமும் சொல்லவில்லை.

மாமா என் முகத்தைப் பார்த்தார். “என்னம்மா?”

“ஒண்ணுமில்ல மாமா. கால் மரத்துப்போச்சி.”

கரையில் சலீம் பாய் சொன்னபடியே நின்றிருந்தார். முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து மாமாவை அப்படியே தூக்கி ஆட்டோவில் வைத்தார், சிலிண்டரைப் பக்கத்தில் வைத்தார். “அக்கா, எறங்குங்க, ஜல்தி” என்றார். என்னால் முடியவில்லை. பரிசல் தரை தட்டி நிற்கிறது, கண்ணால் பார்க்கிறேன், கால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் முருகேசன் குனிந்து, இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்து எடுத்தான். செருப்பும் கூடவே வந்தது. பரிசலைக் கவிழ்த்துப் பார்த்தான். ஃப்ளெக்ஸ் எப்போதோ போயிருந்தது. கட்டைவிரல் ஓட்டை ஒரு சாண் கிழிசலாகியிருந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஆட்டோவில் ஏறி மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா ஆறு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். அக்காவை அன்று சாயங்காலமே டிராக்டரில் கொண்டுவந்தார்கள். எங்கள் அல்சூரிலும்தான் ஏரி இருக்கிறது. கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். மாலையில் அதன் கரையில் சுண்டல் தின்றபடி நடந்த காலம் உண்டு. இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா, மாமாவோடு அதே பஸ்ஸில், அதே ரோட்டில் போனேன். ரோடு காய்ந்து தூசி பறந்தது. டிவைடரில் ஈட்டிமுனை வேலி, அதன் மேல் புது ஃப்ளெக்ஸ், வேறு ஒரு தலைவர். மாமா முன் சீட்டில், மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

“எதுக்குடி காலை இப்படி அழுத்திட்டு உக்காந்திருக்க?” என்று அக்கா கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். என் வலது குதிகால் பஸ்ஸின் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. யூ-டர்ன் தாண்டுகிற வரைக்கும் நான் அதை எடுக்கவில்லை.