அருவி ஒரு கிலோமீட்டர்

வடக்கனந்தல் செந்தமிழ்ச்செல்விக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கொல்லைக் கதவைத் திறந்தால் மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் ஏறியதில்லை. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சொசைட்டிக்குப் பால் போக வேண்டும். வெளியாள் கை பட்டால் மடி சுண்டிவிடும் என்று நாத்தனார் லட்சுமியம்மாள் சட்டம் போட்டிருந்ததால், இரண்டு வேளையும் செல்விதான் கறந்தாக வேண்டும். அப்படியொரு சட்டத்தை மாடு கேட்டதா என்று யாரும் விசாரித்ததில்லை.

இந்தத் தை மாதம் மகள் சந்தியா கல்லூரி விடுமுறைக்கு வந்து பிடிவாதம் பிடித்தாள். "சென்னைக்காரன் எல்லாம் வந்து கரியாலூர் அருவிய போட்டோ எடுத்துக்கினு போறான். நம்ம வூட்டுக்குப் பின்னாடி இருக்கற அருவிய எங்கம்மா பாத்ததில்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

சனிக்கிழமை போவது, சாயங்காலம் ஐந்துக்குள் மாட்டுக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். சொன்ன வேன் ஒன்பதேகாலுக்குத்தான் வரும். செல்வியின் கணவன் தீனதயாளன் தலையைச் சொறிந்தான். லட்சுமியம்மாளிடம் வழி இருந்தது. ஒன்பதுக்கு முன்னால் சாமான்களை மேற்கே உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் நல்ல நேரத்திலேயே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் பின்னால் போகலாம். புளிசாதக் குண்டானும் தண்ணீர் கேனும் தெருக்கோடி மகேஸ்வரி வீட்டுக்குப் போயின.

"இன்னிக்குக் கிழக்கே சூலம்" என்றாள் செல்வி. "சாயங்காலம் வூட்டுக்குக் கிழக்க பாத்துத்தான் வரணும். இன்னா பண்றதுங்க, மலையிலயே தங்கிடலாமா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத" என்றான் தீனதயாளன்.

வேன் வந்தது. லட்சுமியம்மாள் வாசல் வழியாக வரவில்லை. புருஷன் செத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம். யாரும் சொல்லாமலே அவள் கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து கடைசி சீட்டில் ஏறினாள். ஊருக்கெல்லாம் நேரம் குறிக்கிற அறுபது வயது மனுஷி, தன் முகத்தையே கெட்ட சகுனமாக மறைத்துக்கொண்டு ஏறியதைப் பார்த்துச் செல்விக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது பனி இன்னும் கலையவில்லை. டிரைவர் வீரமணி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். தீனதயாளன் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினான். வழியில் தென்பட்ட எல்லைச்சாமி ஒவ்வொன்றுக்கும் லட்சுமியம்மாள் வண்டியை நிறுத்தினாள். ஒன்றரை மணி நேரத்தில் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. அருவிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று பலகை காட்டிய இடத்தில், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் இறங்கினார்கள்.

வேனில் குண்டானும் இல்லை, கேனும் இல்லை.

"நீ ஏத்தலயா?" என்றான் தீனதயாளன்.

"மகேஸ்வரி வூட்டாண்ட நிறுத்தி ஏத்திக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அக்கா சொல்லும்னு இருந்தேன்."

"நான் சாமி கும்புட்டுக்கினு இருந்தேன்டா" என்றாள் லட்சுமியம்மாள்.

சந்தியா சிரித்தே விட்டாள். "புளிசோறு நல்ல நேரத்துல கிளம்பிடுச்சுப்பா. நாமதான் அது கூட வரல."

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். வெள்ளச்சி. வருஷா வருஷம் கரும்பு வெட்டுக்கு மலையிலிருந்து இறங்கி அவர்கள் கழனிக்கு வருகிறவள்.

"அக்கா! நீங்களா? வாங்கக்கா, வாங்க. வெயில்ல நிக்கறீங்களே." உள்ளே ஓடிப்போய்ச் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். "சாமைச்சோறு இருக்குது, மொச்சக் கொழம்பு இருக்குது. எல்லாருக்கும் காணும்."

தீனதயாளன் வானத்தைப் பார்த்தான். லட்சுமியம்மாள் செல்வியின் காதில் ரகசியமாகச் சொன்னாள். ரகசியம் வீரமணி வரைக்கும் கேட்டது. "மலைக்காரங்க வூட்ல கைய நனைக்காத. மருந்து வச்சிடுவாங்க."

வெள்ளச்சிக்கும் கேட்டிருக்கும். சொம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. முகம் மாறவில்லை. இதை முதல் தடவை கேட்கிறவள் முகம் அல்ல அது. வடக்கனந்தல் கழனியில் அவள் குனிந்து நிற்க, லட்சுமியம்மாள் கைக்கு எட்டாத உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியதைச் செல்வி எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றும் இருக்கிறாள். அதை நினைத்தபோது அவள் காது சுட்டது.

"திரும்பிடலாம்" என்றான் தீனதயாளன். "இப்ப கிளம்பினா மூணுக்குள்ள வூடு. அங்க போய் சாப்பிடலாம். மாட்டுக்கும் நேரம் சரியா இருக்கும். அருவி எங்க ஓடிப்போவுது?"

ஒரு கிலோமீட்டர். பத்தொன்பது வருஷம் கழித்து இன்னும் ஒரே ஒரு கிலோமீட்டர். இன்றைக்கு இறங்கினால் அடுத்த தடவை எப்போது என்று செல்விக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

"ஏங்க, நம்ம கழனிக்கு எந்தத் தண்ணிங்க பாயுது?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லுங்க."

"கோமுகித் தண்ணி."

"கோமுகிக்கு எங்கிருந்து வருது? இவங்க தெரு, இவங்க கொல்லை எல்லாம் சுத்திக்கினுதானே இறங்குது? அந்தத் தண்ணியில விளைஞ்சத தின்னுட்டு நாம மூணு தலமொறையா நல்லாத்தானே இருக்கறோம்? மருந்து இருந்தா இந்நேரம் பஞ்சாயத்தே படுத்திருக்கணும். இவங்க தேனு வேணும், கடுக்கா வேணும், கரும்பு வெட்ட இவங்க கையி வேணும். சொம்புத் தண்ணி மட்டும் ஆகாதா?"

சொம்பை வாங்கி, வாய் வைத்துக் குடித்தாள். அண்ணாந்து குடிக்கவில்லை. பாதிச் சொம்பைச் சந்தியாவிடம் நீட்டினாள்.

பிறகு மகேஸ்வரிக்குப் போன் போட்டாள். "ஆமான்டி, குண்டான் உங்க வூட்லதான் கெடக்குது. புள்ளைங்களுக்குப் போட்டு நீங்களே சாப்புடுங்க. இன்னொரு உபகாரம். சாயங்காலம் எங்க மாட்ட நீயே கறந்து சொசைட்டிக்கு ஊத்திடு. யார் இன்னா சொன்னாலும் கறந்துடு. நான் சொல்றேன்."

"அடிப்பாவி!" என்றாள் லட்சுமியம்மாள்.

"நான் வண்டியிலதான் இருப்பேன்" என்றான் தீனதயாளன்.

"இருங்க" என்றாள் செல்வி.

அம்மாவும் மகளும் வீரமணியும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீரமணி மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினான். வெள்ளச்சி லட்சுமியம்மாளுக்கு மட்டும் ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். "தோலு இருக்குதும்மா. நீங்களே உரிச்சுக்கலாம்." லட்சுமியம்மாள் வாங்கிக்கொண்டாள். உரித்தாளா என்று யாரும் பார்க்கவில்லை.

அருவி அப்படியொன்றும் பெரியதில்லை. மழை நின்று மாதமாகிவிட்டதால் மூன்று இழையாகத்தான் விழுந்தது. பாறை இடுக்குகளில் சிப்ஸ் பொட்டலங்கள். ஆனால் சத்தம் பெரிதாக இருந்தது. இத்தனை நாள் வாய்க்காலில் சத்தமில்லாமல் வந்த தண்ணீர், இங்கே இவ்வளவு உரக்கப் பேசும் என்று அவள் நினைத்ததில்லை. சேலையோடு போய் அடியில் நின்றாள். தை மாதத்து மலைத்தண்ணீர் முதுகெலும்பு வரைக்கும் குத்தியது. பல் கிட்டிக்க நின்றுகொண்டே இருந்தாள். சந்தியா இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. வெள்ளச்சி கரையில் தன் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "போதும்க்கா, ஜுரம் வந்தா எங்க மருந்துன்னு சொல்லிடுவாங்க" என்று கத்தினாள். அப்போதுதான் செல்வி அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள்.

இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கச்சிராயபாளையத்தில் ஒரு ஓட்டல் வெளிச்சத்தைக் கண்டதும் தீனதயாளன் வண்டியை நிறுத்தச் சொன்னான். நான்கு பரோட்டா. மாவு பிசைந்தவன் யார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, குழம்புக் கரண்டியைப் பிடித்தவன் எந்த ஊர் என்று எதையும் விசாரிக்காமல் நான்கு பரோட்டா. செல்வி எதிரே உட்கார்ந்து டீ குடித்தாள். போர்வை இன்னும் அவள் தோளில் இருந்தது.

பக்கத்தில் லட்சுமியம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தல கில சுத்துதா?"

"இல்லிங்க அண்ணி. பசிதான் ஜாஸ்தியாவுது."

"உடனே தெரியாது. நாலு நாள் கழிச்சிதான் வேல செய்யும்."

செல்வி தம்ளரைக் கீழே வைத்தாள். "அடுத்த மாசம் நானும் சந்தியாவும் பஸ்ல போறோம். வெள்ளச்சிக்கு இந்தப் போர்வையக் குடுக்கணும். மாட்ட மகேஸ்வரி பாத்துக்குவா."

தீனதயாளன் மறுப்பான் என்று எதிர்பார்த்தாள். எதிர்த்துச் சொல்ல வார்த்தைகள்கூட வைத்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. குழம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"இன்னாங்க பாக்கறீங்க?"

"இரு, அடுத்த மாசம் எந்தத் தேதி நல்லாருக்குதுன்னு..."

செல்வி எழுந்து வெளியே போய்விட்டாள்.