இரு, பிறவுணி

யோகேஸ்வரி அக்காவுக்கு மனிதர்களோடு பொறுமை கிடையாது. வெள்ளவத்தையில் அவள் வேலை செய்யும் மருந்துக் கடையில், டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டிவிட்டு ஃபோனில் கதைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அவள் பார்க்கிற பார்வையிலேயே பாதி நோய் மாறிவிடும். கூடப் பிறந்த குற்றத்துக்கு நான் பிறந்த நாள் தொட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஆனால் நாய் ஒரு தடியைத் தாண்டவேண்டும் என்றால், அதே சொல்லைப் பின்னேரம் முழுக்கச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளி எனக்குக் கிடைத்ததில்லை.

பிறவுணி கடற்கரை ரயில் பாதையோரம் கிடந்த தெரு நாய்க்குட்டி. வளர வளர மதில், கதிரை, என் முதுகு என்று எதையும் தாண்டியது. இரத்மலானையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களுக்குத் தடை தாண்டும் ஓட்டம் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா அங்கே கொண்டுபோனாள். அதன்பிறகு எங்கள் ஃப்ளாட்டின் மொட்டைமாடி அவளுடைய மைதானமாகிவிட்டது. வாளிகளின்மேல் கிடத்திய பிளாஸ்டிக் குழாய்கள், தெருமுனை மஹ்ரூப் நானாவின் கராஜில் கேட்டு வாங்கிய பழைய டயர், சின்னப் பிள்ளைகள் ஊர்ந்து விளையாடும் துணிச் சுரங்கம். உடுப்புக் காயப்போட வருகிறவர்கள் இவ்வளவையும் தாண்டித்தான் கொடிக்குப் போகவேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அக்கா நாயை "இரு" என்று இருத்துவாள். குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு "போ" என்பாள். கடை திறக்கும்போதும் அப்படித்தான், பஸ்ஸில் ஏறும்போதும் படியைத் தொட்டுக் கும்பிடுவாள். எங்கள் வீட்டில் யார் எதைத் தொடங்கினாலும் உள்ள வழக்கம் என்பதால் நான் அதைக் கவனித்ததேயில்லை.

ஃப்ளாட் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். ஒருநாள் காலை மேல்மாடிச் சிவமணி அன்ரி அவர் முன்னால் குனிந்து கும்பிட்ட நேரம், அக்கா பிறவுணியோடு படியிறங்கி வந்தாள். நாய் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடி அன்ரியின் முதுகுக்கு மேலால் பாய்ந்தது. அன்ரி பயந்துபோய் விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அன்ரியின் கணவர் நாகேந்திரம் அங்கிள் ஃப்ளாட் கமிட்டித் தலைவர். பொறுமையில்லாததில் அக்காவையே வெல்லக்கூடியவர். மனைவி கும்பிட்டு முடிக்க முன்னமே காரில் இருந்து ஹோர்ன் அடிக்கிற மனிதர். அன்று பின்னேரமே எங்கள் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உம்மட நாய் சொல்லுக் கேக்காது. இனி இஞ்ச வைச்சிருக்கேலாது."

"கேக்கும் அங்கிள். வாற ஞாயிறு இரத்மலானையில போட்டி. வந்து உங்கட கண்ணால பாருங்கோ. கேக்காட்டி நானே நாய்க் காப்பகத்தில கொண்டுபோய் விடுறன்."

வாய் அவளுடையது, பயம் எனக்கு. அக்கா கலியாணம் கட்டவில்லை. நானும் விசா வந்ததும் லண்டனுக்குப் போகிறவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு இருக்கப்போவது இந்த நாய் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாகேந்திரம் அங்கிள் சொன்னபடி வந்து, கையைக் கட்டிக்கொண்டு கயிற்றோரம் நின்றார். நடுவர் விசில் ஊதும்வரை நாய் கோட்டில் இருக்கவேண்டும், முந்தினால் போட்டியில் இல்லை. எங்கள் மாடியில் விசில் ஊத யார் இருந்தார்கள்?

அக்கா பிறவுணியை இருத்தினாள். நடுவர் விசிலைக் கையில்தான் வைத்திருந்தார். அக்கா குனிந்து மண்ணைத் தொட்டாள். கை கண்ணுக்கு வரமுன் நாய் பறந்துவிட்டது.

தடிகளைத் தாண்டி, டயருக்குள்ளால் நுழைந்து, சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்து, ஒரு பிழை இல்லாமல் ஓடி முடித்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அக்காவிடம் வந்து நின்றது. நடுவர், போட்டியில் இல்லை என்று கையை விரித்தார்.

"பாத்தனீரே?" என்றார் அங்கிள். "விசிலும் இல்லை, சொல்லும் இல்லை. தன்ரபாட்டுக்கு ஓடுது."

அக்கா மண் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாயை ஓரமாகக் கூட்டிப்போய் இருத்தி, வாய் திறக்காமல் மறுபடி நிலத்தைத் தொட்டாள். பிறவுணி பாய்ந்து ஓடியது.

"அங்கிள், அது சொல்லுக் கேட்டுத்தான் ஓடினது. நிலத்தைத் தொட்டால் ஓடவேணும் எண்டு நான்தான் பழக்கிப்போட்டன், எனக்கே தெரியாமல். அண்டைக்கு அன்ரியும் குனிஞ்சு நிலத்தைத் தொட்டவ."

அங்கிள் கட்டிய கையை அவிழ்த்தார்.

"அப்ப என்ர மனிசி கும்பிடாமல் இருக்கவோ?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை காலமை அவ கும்பிடேக்க நான் பாப்பன். நாய் அசைஞ்சால் அண்டைக்கே காப்பகத்துக்குக் கொண்டுபோம்."

அந்தக் கிழமை நான் பட்ட பாடு பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். நான் குனிந்து நிலத்தைத் தொடவேண்டும், நாய் அசையாமல் இருக்கவேண்டும். நான் குனிவேன், அது என் முதுகுக்கு மேலால் போகும். அக்கா சலிக்காமல் திரும்பக் கூட்டிவந்து இருத்துவாள். "வடிவாக் குனியடி" என்று ஏச்சு மட்டும் எனக்கு. மெல்ல மெல்ல நாய் இருக்கப் பழகியது. ஆனால் வியாழக்கிழமை பின்னேரமும் ஒருதரம் பாய்ந்துவிட்டது. அக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அங்கிள் காரை வாசலில் நிறுத்தி, உள்ளேயிருந்தபடி கண்ணாடியை இறக்கினார்.

"சங்கிலியைக் கழட்டும்."

அக்கா கழற்றினாள். "இரு," என்று ஒரு தரம் சொன்னாள்.

சிவமணி அன்ரி கட்டுப் போட்ட கையோடு மெல்ல நடந்து வந்தார். நாயைப் பார்த்தார். பயம் இருந்தது, இருந்தும் நிற்காமல் பிள்ளையாருக்கு முன்னால் போய்க் குனிந்து, நல்ல கையால் நிலத்தைத் தொட்டார். பிறவுணியின் பின்னங்கால்கள் துடித்தன. முதுகு மயிர் எழும்பியது. நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அன்ரி எழும்பவில்லை. ஒரு கிழமை கும்பிடாமல் விட்டதற்கும் சேர்த்துக் கும்பிட்டார் போல. நாய் ஒரு முனகல் முனகியது, காலை ஒருமுறை மாற்றி வைத்தது, இருந்தது.

அங்கிளால்தான் இருக்க முடியவில்லை. பழக்கதோஷம், ஹோர்னை அழுத்திவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அன்ரி எழும்பி நின்றார். நாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றார் அன்ரி, காரைப் பார்த்து. "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்கு, நான் கும்பிட்டு முடியுமட்டும் பொறுத்திருந்த முதல் சீவன் இதுதான். இது இஞ்சதான் இருக்கும். உங்களுக்கு அவசரமெண்டால் நீங்கள் போங்கோ."

அங்கிள் கண்ணாடியை ஏற்றினார். அக்கா அழுதாள்; அம்மா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறவுணி அவளுடைய முகத்தையே பார்த்தபடி இன்னும் இருந்தது. "போ" என்று சொல்ல அவளுக்குக் குரல் வரவில்லை.