டெய்லரின் இடது காது

என் மச்சினியை வீட்டில் நோண்டி என்றுதான் கூப்பிடுவோம். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு என் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிட்டாள். திரையில் களிமண் உருண்டை மாதிரி ஒன்று கிடக்கும். பேனா மாதிரி ஒரு குச்சியால் தடவித் தடவி அதில் மூக்கு, விரல் என்று இழுப்பாள். பக்கத்திலிருக்கும் பிரிண்டர் அதைக் கையில் பிடிக்கிற பொருளாக்கித் தரும். எனக்கு முதலில் வெட்டி வேலையாகத்தான் பட்டது.

எதிர்க்கடை டெய்லருக்குத் தீ விபத்தில் இடது காது போய்விட்டது. கண்ணாடி மாட்ட இடமில்லை. மிஷின்மேல் குனிந்தால் துணியில் விழுந்தது. காலர் தைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. அந்த மனுஷனை முதலாளி சட்டை மடிக்க உட்கார்த்திவிட்டார்.

"நான் காது செஞ்சு தர்றேன்ணே" என்று நோண்டி வாயை விட்டுவிட்டாள்.

வலது காதைப் படமெடுத்து, திரையில் இடதாகத் திருப்பி, மெல்லிசாகச் செதுக்கினாள். பிரிண்டர் தந்ததைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். மடிப்பு ஒவ்வொன்றும் அச்சு அசல். திருப்பினால் போச்சு. பின்பக்கமெல்லாம் மேடு பள்ளம், ஓரிடத்தில் ஓட்டை. டெய்லர் மாட்டிக்கொண்டு குனிந்தார். கண்ணாடி நேரே மடியில்.

நோண்டிக்கு முகம் செத்துவிட்டது. "காதோட சுவர் மெல்லிசு மாமா. முன்னால அமுக்கினா பின்னாலயும் சேர்ந்து நகருது. மாஸ்க் போட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

மாஸ்க் என்றால் திரையில் பூசுகிற கருப்புப் பூச்சு. பூசின இடத்தை, செதுக்குகிற பிரஷ் அசைக்காது. பின்பக்கம் பூசும்போதே அது சுவரைத் தாண்டி முன்பக்கமும் ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் மசியவில்லை என்றதும், இவள் கோபத்தில் மொத்தப் பூச்சையும் துடைத்துவிட்டுச் செதுக்கியிருக்கிறாள். பின்னால் திரும்பியே பார்க்கவில்லை.

டெய்லர் சிரித்துவிட்டார். "அட, பை தைக்கப் போய் முதுகுத் துணியையும் சேர்த்துத் தைச்ச கதை. நானும் தைச்சிருக்கேம்மா. முதலாளி சட்டையிலயே."

"அப்புறம் என்னண்ணே பண்ணீங்க?"

"பிரிச்சேன். ஊரை விட்டா ஓட முடியும்?"

செதுக்கும் முன் எடுத்துவைத்த பழைய நகலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். எதிரே தெரிகிற பக்கத்தை மட்டும் தொட வைக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. மாஸ்க்குக்கும் அதைப் போட்டாள், செதுக்கும் பிரஷ்ஷுக்கும் போட்டாள். பின்பக்கம் கருகருவென்று பூசிக் காதைத் திருப்பினாள். முன்பக்கம் ஒரு பொட்டுக் கறை இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன்.

"கழுத்துல மூச்சு படுது மாமா, தள்ளி நில்லுங்க."

"பின்பக்கம் பாரு புள்ள."

"பார்த்தாச்சு."

"இன்னொரு தரம் பாரு."

"அக்கா, உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கோ!" என்று வீட்டுக்குள் இருந்த என் மனைவிக்குக் குரல் கொடுத்தாள்.

புதுக் காதோடு கடைக்குப் போனோம். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டெய்லர் பசை தடவி ஒட்டினார், கண்ணாடியை மாட்டினார். கம்பி காதுக்குப் பின்னால் சமத்தாக உட்கார்ந்தது. ஒரு காலரை மிஷினில் வைத்துக் குனிந்தார். நோண்டி அவர் மூக்குக்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றாள். தையல் ஓடியது, முனையில் திரும்பியது, மறுபக்கம் இறங்கியது.

"கையை எடும்மா" என்றார் டெய்லர், நிமிராமலே. "துணியில நிழல் விழுது."